காணாமல் போன பிள்ளைகள் வந்த கடை

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் இரண்டே வகை என்று அப்பா சொல்வார். பொம்மை வாங்க வருகிறவர்கள் ஒரு வகை. அழுகிற பிள்ளையின் வாயை அடைக்க வருகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையால்தான் நாங்கள் சோறு தின்றோம். சின்னக் காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலுக்குப் போகிற சாலையில், பூக்கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு நிற்கும் கடை அது. உள்ளே அப்பா, அம்மா, நான், மீதி இடமெல்லாம் கூரை வரை பொம்மைகள். பள்ளிக்கூடம் விட்டால் நேராக அங்கேதான் போவேன். வீட்டுப்பாடம் எழுதியது, சாப்பிட்டது, தூங்கி விழுந்தது, அடி வாங்கியது எல்லாம் கடையில்தான்.

என் வகுப்பில் எல்லோருக்கும் என் மேல் பொறாமை. பொம்மைக் கடைக்காரர் மகள் என்றால் நாள் முழுக்கப் பொம்மைகளுக்கு நடுவில் புரளுவாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அட்டைப் பெட்டியைக் கேட்காமல் பிரித்தால் முதுகில் என்ன விழும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, எனக்கும் ஒரு சுகம் இருந்தது. சாவி கொடுக்கிற பொம்மையானாலும் பேட்டரி காரானாலும், வாங்குகிறவர் கண் முன்னால் ஒரு தரம் ஓட்டிக் காட்டித்தான் கொடுப்போம். அந்த வேலை என்னுடையது. மேளம் தட்டும் குரங்குக்குச் சாவி கொடுத்து மேசை மேல் விடுவேன். எதிரே நிற்கிற பிள்ளையின் முகம் மலர்வதை அத்தனை பக்கத்தில் இருந்து பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த இடம் எது என்று யாராவது கேட்டால், அந்த மேசையைத்தான் சொல்வேன்.

அம்மாவுக்குப் பொம்மைகளைவிடப் பிள்ளைகளை நன்றாகத் தெரியும். வாசலில் கால் வைக்கும்போதே இது எதைப் பார்த்து நிற்கும், எதற்கு அழும், எதை வீட்டுக்குப் போவதற்குள் உடைக்கும் என்று கணித்துவிடுவாள். அப்பா அவளை டாக்டரம்மா என்று கிண்டல் செய்வார். அவள் சிரிக்கமாட்டாள். அவளுக்கு அது கிண்டலாகவே படவில்லை.

வைகாசியில் கருட சேவை வரும். விடியற்காலையில் கருடன் மேல் ஏறிப் புறப்படுகிற பெருமாள், பெரிய காஞ்சிபுரம் வரை போய்விட்டு வெயிலோடு எங்கள் சாலை வழியாகத் திரும்புவார். சுற்று வட்டாரக் கிராமங்கள் மொத்தமும் அன்று இங்கே வந்து நிற்கும். அந்த நெரிசலில் பிள்ளைகள் தொலையாமல் என்ன செய்யும். தொலைந்த பிள்ளைகளை எங்கள் கடையில்தான் கொண்டுவந்து விடுவார்கள். இதை யாரும் கூடிப் பேசி ஏற்பாடு செய்யவில்லை. பொம்மைகளைப் பார்த்தால் அழுகையாவது நிற்கட்டும் என்று யாரோ ஒருவர் ஒரு பிள்ளையைத் தூக்கி வந்திருக்கிறார். பிறகு தேடி அலைகிறவர்களிடம் தெருவே சொல்ல ஆரம்பித்துவிட்டது, பொம்மைக் கடையில் போய்ப் பாருங்கள் என்று. நான் பிறப்பதற்கு முன்பே அது வழக்கமாகிவிட்டது.

தேடி வருகிற ஆள் சொந்தக்காரர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிள்ளையின் பேரைக் கேட்டால் 'கண்ணு' என்று சொல்லும். அம்மா பேர் என்ன என்றால் 'அம்மா' என்று சொல்லும். என்ன நிறச் சட்டை என்பதை வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற எவனும் சொல்லிவிடுவான். பிள்ளை ஓடிப் போய் ஒட்டிக்கொள்ளும் என்றும் நம்ப முடியாது. அடி விழுமோ என்று பெற்ற தகப்பனைப் பார்த்தே பின்வாங்கி அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அம்மா இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். பிள்ளை வந்ததும் அதன் கையில் புதிதாக ஒரு பொம்மையைக் கொடுத்துவிடுவாள். தேடி ஆள் வந்ததும் எதுவும் பேசாமல் பிள்ளையின் கையைப் பார்ப்பாள். பிள்ளை அந்தப் பொம்மையை நீட்டிக் காட்டினால் அனுப்புவாள். காட்டாவிட்டால் என்ன சொன்னாலும் அனுப்பமாட்டாள்.

"புதுசா ஒண்ணு கைக்கு வந்துச்சுன்னா, புள்ள அத்தத் தன் மனுசங்களுக்குத்தான்மா காட்டும். மத்தவங்க கிட்டருந்து மறைச்சுக்கும். அழுதுக்கினே காட்டும், பாரு" என்பாள்.

அப்படியேதான் நடக்கும். மூக்கு ஒழுக, விக்கிக்கொண்டே, ஒரு அறை வாங்கிக்கொண்டே, "ந்தா பாரு" என்று பொம்மையைத் தூக்கிக் காட்டும். ஒரு தரம்கூட அது தப்பியதில்லை. இன்று வரைக்கும் அம்மாவின் வழி சரியானது என்றுதான் நான் நினைக்கிறேன். கெடுத்தது நான்.

அந்த வருடம் எனக்குப் பத்து வயது. தொலைந்த பிள்ளைகளைக் கவனித்துக்கொள்கிற வேலையை முதல் முறையாக என்னிடம் விட்டிருந்தார்கள். கடைசிப் பிள்ளையும் போய்விட்டால் நான் தெருமுனைக்குப் போய்ப் பெருமாள் திரும்புவதைப் பார்க்கலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். எனக்குப் பெருமாளைவிட அந்தப் பெரிய குடைகளின் மேல்தான் ஆசை. இரண்டு ஆள் உயரக் குடைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டி ஆட்டி வருவார்கள். கடையிலேயே கிடந்ததால் அதை ஒரு வருடமும் நான் முழுசாகப் பார்த்ததில்லை.

காலையில் இரண்டு பிள்ளைகள் வந்து, இரண்டும் நல்லபடியாகப் போய்விட்டன. அதன் பிறகு எதிர்க்கடை வளையல்கார பாய் ஒரு பையனைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தார். மூன்று வயது இருக்கும். மொட்டை போட்டுச் சந்தனம் தடவியிருந்தது. அழுது அழுது களைத்துப் போயிருந்தான். அழுத்தினால் டக்டக் என்று சத்தம் போடும் தகரத் தவளை ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அதை அழுத்திக்கொண்டே இருந்தான். வெகு நேரமாகியும் அவனைத் தேடி யாரும் வரவில்லை. தூரத்தில் மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எனக்கு அவன் மேல் எரிச்சல் வந்தது.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் பிரசாதப் பை. சுற்றிலும் பார்த்துவிட்டு, "எங்க வூட்டுப் புள்ளதாம்மா, காலைல இருந்து தேடிக்கினு இருக்கோம்" என்றார். பையன் தவளையை இறுக்கி மூடிக்கொண்டான். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். என் பாவாடைக்குப் பின்னால் போய் நின்றான். இவ்வளவையும் நான் பார்த்தேன். அம்மா முதுகைக் காட்டியபடி ஸ்டூல் மேல் ஏறி, வேறொருவருக்காகக் கொக்கியில் இருந்த பந்தை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"காட்டுச்சாம்மா?" என்று திரும்பாமலேயே கேட்டாள்.

"காட்டினான்மா" என்றேன்.

அந்த ஆள் அவனைத் தூக்கிக்கொண்டார். அவன் என் பக்கம் இரண்டு கைகளையும் நீட்டி, கூப்பிட்டு அழுதான். அம்மா திரும்பிப் பார்த்தாள். தொலைந்த பிள்ளைகள் திரும்பிப் போகும்போது அழுவது எங்களுக்குப் பழகின சத்தம்தான். பந்தைக் கொடுத்துவிட்டு, "சரி நீ போ, பாத்துட்டு சீக்கிரம் வா" என்றாள். நான் ஓடினேன். குடைகள் ஆடி வந்ததை அந்த வருடம் முழுசாகப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது கடை வாசலில் கூட்டம். திருப்புட்குழியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவர் அப்பாவின் சட்டையைப் பிடித்திருந்தார். கணவரின் தம்பி, இருபத்தைந்து வயது இருக்கும், சுவரோரம் ஒதுங்கி நின்றான். மொட்டை போட்ட பையனைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவன் அவன்தான். மோர்ப் பந்தலில் ஒரு வாய் மோர் குடிக்க இறக்கிவிட்டிருக்கிறான். குடித்துவிட்டுக் குனிந்து பார்த்தபோது பையன் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தவர் என்னைத் தனியாக உட்கார வைத்து அன்பாகத்தான் கேட்டார். "பையன் அந்த ஆள் கிட்ட எப்படிம்மா போனான்?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொம்மையக் காட்டிட்டுத்தான் போனான்" என்றேன். அம்மா தன் வழியை அவரிடம் விளக்கினாள். ஒரு தரம்கூடத் தப்பியதில்லை என்று கோயில் பக்கம் கை காட்டிச் சத்தியம் செய்தாள்.

என் ஒரு வார்த்தையிலிருந்து மீதியெல்லாம் வளர்ந்தது. காட்டினான் என்றால் தெரிந்த ஆள். தெரிந்த ஆள் என்றால் வீட்டோடு சம்பந்தப்பட்டவன். பையனைக் கடைசியாக வைத்திருந்தது யார்? சித்தப்பா. பையன் காணாமல் போன அந்த நேரமெல்லாம் அவன் எங்கே இருந்தான்? தனியாகத் தேடிக்கொண்டிருந்தேன் என்கிறான், பார்த்தவர் யாரும் இல்லை. அவனே தெரிந்த ஒருவனை விட்டுப் பிள்ளையைத் தூக்க வைத்துவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். அன்றே அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெள்ளைச் சட்டைக்காரரை யாரும் சரியாகத் தேடவில்லை. பையன் கிடைக்கவில்லை. இன்று வரை கிடைக்கவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து தொலைந்த பிள்ளைகளை எங்கள் கடைக்கு யாரும் தூக்கி வரவில்லை. அந்தப் பெண் மட்டும் வந்தாள். கருட சேவை அன்று காலையில் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, சாயந்திரம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுப்பாள். எழுந்து போகும் முன் அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"பாப்பா, காட்டிட்டுத்தானே போனான்?"

"ஆமாம்மா."

"அப்ப தெரிஞ்சவங்கதான். ஆசப்பட்டவங்கதான் தூக்கிக்கினு போயிருக்காங்க. நல்லாத்தான் வெச்சிருப்பாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போவாள்.

வருடா வருடம் இதே கேள்வி, இதே பதில். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவள் ஒரு வருடம் ஓட்டுவாள் என்பது எனக்கு வயது ஏற ஏறப் புரிந்தது. புரிந்த பிறகு எப்படி இல்லை என்று சொல்வது? இப்படித்தான் நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அது நல்ல மனசு இல்லை, பயம். அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது ஒரு நாள், "நீ பாத்தே இல்ல?" என்று திடீரென்று கேட்டாள். எதைப் பற்றி என்று சொல்லவில்லை, அவன் தவளையைக் காட்டியதைத்தான். "பாத்தேன்மா" என்றேன். அவளுக்கும் நிம்மதி கொடுத்து அனுப்பிவிட்டேன் என்று அன்று நினைத்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அப்பாவும் போன பிறகு கடையை நான்தான் பார்க்கிறேன். செவிலிமேட்டிலிருந்து ஸ்கூட்டியில் வந்து கதவைத் திறக்கிறேன். போன வருடம் கருட சேவைக்கு அந்தத் திருப்புட்குழி அம்மா தனியாக வரவில்லை. முழங்கால் வலி என்று மகளைத் துணைக்குக் கூட்டி வந்திருந்தார். பையன் தொலைந்து இரண்டு வருடம் கழித்துப் பிறந்த மகள். அம்மாவை உட்கார வைத்துவிட்டு அவள் என்னிடம் வாசலில் வந்து மெதுவாகப் பேசினாள்.

"எங்க சித்தப்பா ஐயம்பேட்டையிலதான் இருக்காருக்கா. எங்க வூட்ல யாரும் பேசறதில்ல. நான் மட்டும் அம்மாக்குத் தெரியாம போய்ப் பாப்பேன். ஸ்டேஷன்ல அடிச்சு கால அப்பவே ஒடச்சிட்டாங்க. கல்யாணமும் ஆவல. அவருக்குத்தான் அண்ணன் எங்க இருக்கான்னு தெரியும்னு அம்மா இன்னும் நம்பிக்கினு இருக்காங்க. செத்தாலும் சித்தப்பா மொகத்துல முழிக்க மாட்டேன்றாங்க."

அந்தச் சித்தப்பாவை அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போனது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன ஆனான் என்று இத்தனை வருடத்தில் நான் ஒருவரையும் கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்பதால்தான் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டைக்குப் போனேன். ஒரு தறிக்காரர் வீட்டுக் கூடத்தில், அவர் தரையில் உட்கார்ந்து ராட்டையில் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தார். தறி நெய்கிறவராக இருந்தவர். தறியில் உட்கார்ந்தால் காலால் மிதிக்க வேண்டும். ஒடிந்த கால் அதற்கு உதவாததால் அடுத்தவர் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறார். நான் யார் என்று சொன்னேன். பையன் தவளையைக் காட்டவில்லை, மறைத்தான், நான்தான் பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் ராட்டையை நிறுத்தவில்லை.

"எதுக்கும்மா அப்படிச் சொன்னே?"

"குடை பாக்கப் போகணும்னு, அண்ணா."

சுற்றி முடித்த தாரை அவர் கழற்றிக் கூடையில் போட்டார். பிறகு, "சின்னப் பொண்ணு" என்றார். அது மன்னிப்பு என்று நான் நினைத்து நிமிர்ந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"இல்ல."

"நான் தூக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே வந்து சொல்ற. தெரியாதவங்க அங்க இருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த நூலைக் கையில் எடுத்தார்.

இந்த வைகாசி வரைக்கும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. சொன்னால் அந்த அம்மாவிடம் மிஞ்சியிருப்பதைப் பிடுங்குகிறேன். சொல்லாவிட்டால் குற்றம் செய்யாத மனிதன் பிள்ளை பிடித்தவனாகவே சாவான். நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்த விதத்தில் எல்லாம் யோசித்தேன். இல்லை.

இந்த வருடமும் அந்த அம்மா காலையிலேயே வந்தார். மகள் அவரை உட்கார வைத்துவிட்டுப் பெருமாளைப் பார்க்கப் போனாள். சாயந்திரம் வரை காத்திருக்க என்னால் முடியாது என்று தோன்றியது. வந்திருந்த ஆட்களை அனுப்பிவிட்டு அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

"இன்னா பாப்பா? காட்டிட்டுத்தானே போனான்?"

"இல்லம்மா. காட்டல. மறைச்சிக்கிட்டான். எம் பின்னால வந்து ஒளிஞ்சான். அந்த ஆள் அவனுக்குத் தெரியாத ஆள். நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். சாலையில் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். யாரோ ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, பீப்பீ இருக்கிறதா என்று கேட்டார். நான் கையை ஆட்டி அனுப்பினேன். அந்த அம்மாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வருடா வருடம் சொல்லிக்கொள்கிற அந்த வாக்கியத்தை அவர் தேடுகிறார் என்று நினைக்கிறேன்.

"அழுதானா?"

"அழுதான்."

"யாரக் கூப்ட்டான்?"

இதை அவர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இதை மட்டும் நான் அவருடைய கொழுந்தனாரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"சித்தப்பான்னுதான் கூப்ட்டான். எம் பக்கம் ரெண்டு கையையும் நீட்டி, சித்தப்பா சித்தப்பான்னு."

அவர் அழவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தார். நான் கை கொடுத்தேன், அதைத் தொடவில்லை. வாசல் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். வெயிலில் நின்று, சாலையின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயம்பேட்டைக்கு ஆட்டோ எங்க நிக்கும்?" என்று கேட்டார்.

"இன்னைக்கு இங்க விட மாட்டாங்கம்மா. கொஞ்ச தூரம் நடக்கணும். உங்களால முடியாது. இருங்க, கடையச் சாத்திட்டு நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ வராத" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நடக்க ஆரம்பித்தார்.